மதிலிலிருந்து மூன்றாவது

வெள்ளவத்தை,
12 ஏப்ரல் 1942.

'துறைமுக தீபிகை' ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள் என்ற உரிமையில் இதை எழுதவில்லை. தங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்தை நேற்றுக் காலை கண்டபோதே அந்த உரிமையைக் கைவிட்டுவிட்டேன். இறந்துபோன ஒரு பீரங்கிப் படைவீரனின் தந்தை, அவனுடைய சவப்பெட்டியைப் படமாக அச்சிட்டு விற்றவருக்கு எழுதும் கடிதமாக மட்டுமே இதைக் கொள்ளவும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிரக்கிராசியாகச் சட்டத் தொழில் செய்பவனுக்கு வேறு ஆறுதல் தெரியாது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது என் மகன் ஷிப்லி இரத்மலானையில் பீரங்கியருகே நின்றான். புதன்கிழமை தந்தி வந்தது. அவன் இறந்துவிட்டான் என்றும், திங்கட்கிழமையே முழு இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டுவிட்டான் என்றும் அதில் இருந்தது. எங்கே, யாரால், எந்த முறைப்படி என்று இல்லை. வியாழனும் வெள்ளியும் படைக் கந்தோரின் அலுவலக நடையில் நின்றேன். "பதிவேடு இன்னும் வரவில்லை" என்றார்கள். அவர்கள் சொல்லாததைச் சனிக்கிழமை தங்கள் பத்திரிகை சொன்னது. இரத்மலானையில் இறந்த பீரங்கிப் படையினரின் அடக்கம் என்று, இடம் சொல்லாமல், ஒரு மதிலோரம் ஆறு குழிகள், ஆறு பெட்டிகள், பெட்டிகளின் மேல் தகரச் சிலுவைகள்.

எங்கள் குடும்பத்தில் எவரையும் பெட்டியில் இட்டு ஆணியடித்தது கிடையாது. குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, சந்தூக்கில் வைத்துத் தோள் மாற்றிச் சுமந்து, வலப்பக்கமாக மண்ணில் கிடத்துவோம். என் மகனுக்கு அது கிடைக்கவில்லை. அதற்குப் பொறுப்பானவர்களை நான் தனியே கவனித்துக்கொள்வேன். ஆனால் அது கிடைக்கவில்லை என்பதை மூன்று சதம் கொடுத்தவரெல்லாம் பார்க்கும்படி செய்தது தாங்கள்.

படத்தின் கீழ் 'லங்கா மாதாவின் ஆறு புதல்வர்கள்' என்று பொறித்திருக்கிறீர்கள். என் மகனுக்கு ஒரு தாய் இருக்கிறாள். அவள் பெயர் ஷபீகா. தங்கள் அச்சகத்திலிருந்து ஆறு மைல் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்கு எவரும் ஆள் அனுப்பவில்லை.

இன்று காலை காலி வீதித் தேநீர்க் கடையொன்றில் வடை சுற்றிக் கொடுத்த தாளில் அந்தப் படம் இருந்தது. பெட்டிகளின் மேல் எண்ணெய் ஊறியிருந்தது. கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். நேற்றைய பத்திரிகைக்கு வேறென்ன பயன்?

அந்தப் படத்தின் மூலக் கண்ணாடித் தகட்டை ஏழு நாட்களுக்குள் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். அல்லது அதை அழித்துவிட்டதற்குச் சான்று அனுப்ப வேண்டும்.

இங்ஙனம்,
எம். எஸ். ஸவாஹிர்


கொட்டாஞ்சேனை,
15 ஏப்ரல் 1942.

அன்புள்ள ஸவாஹிர்,

நீர் என்னைத் 'தாங்கள்' என்று எழுதியது இதுதான் முதல் தடவை. பரவாயில்லை. நான் நீர் என்றுதான் எழுதப்போகிறேன், எனக்கு வேறு வராது.

முதலில் ஒன்று. அந்த ஆறு பேரில் ஷிப்லி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. பெயர்கள் வெளியிடக்கூடாதென்று தணிக்கை. எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் றேமண்ட். கொச்சிக்கடைப் பையன், ஐறீன் என்பவரின் மகன். அடக்கத்துக்குப் போன பாதிரியார் அந்தப் பெயரைக் கண்டதும் ஐறீனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அந்தத் தாய் ஹியூபேட்டைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஹியூபேட்டை உமக்கு ஞாபகமிருக்கும், எங்கள் பத்திரிகைக்குப் படமெடுப்பவன். எங்கள் பகுதியில் எந்தச் சாவு வீட்டிலும் பெட்டியைச் சுற்றிக் குடும்பமெல்லாம் நின்று ஒரு படம் எடுப்பார்கள். அவன் பிழைப்பே அதுதான். அப்படித்தான் அந்தப் படம் பிறந்தது. நான் பெட்டி தேடி ஆள் அனுப்பவில்லை.

ஆனால் கையில் கிடைத்ததும் போட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். வானொலி அறிக்கையைக் கேட்டீரா? 'சேதம் சொற்பம்' என்றார்கள். சொற்பம் எவ்வளவு நீளம் என்று காட்டினேன், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் பாண்டு வாத்தியத்துடன் வரிசையாகப் போவதைப் படம் பிடித்துத் தாருங்கள் என்று அவர்களே கேட்டு வாங்குவார்கள். அதே பிள்ளைகள் வரிசையாகக் கிடப்பதைப் படம் பிடித்தால் குற்றம். போகும் வரிசையை நூறு தடவை அச்சிட்டிருக்கிறேன், ஸவாஹிர். ஷிப்லி போன வரிசையையும் நான்தான் அச்சிட்டேன். அதைப் பார்த்து எத்தனை பையன்கள் பெயர் கொடுத்தார்களோ தெரியாது. கிடக்கும் வரிசையை ஒரு தடவையாவது போடாமல் விட்டால் நான் ஆள்பிடிகாரன், ஆசிரியன் இல்லை.

தகட்டைத் தரமாட்டேன். அது ஒன்றுதான் சாட்சி.

போன நத்தார்ப் பண்டிகைக்கு அவன் சீருடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். கேக்கில் பிராந்தி விட்டிருக்கிறதா என்று மேபலிடம் மூன்று தரம் கேட்டான். "இல்லையடா, உனக்கென்று தனியாகச் சுட்டது" என்று அவள் சத்தியம் பண்ணியபிறகு நாலு துண்டு சாப்பிட்டான். மேபல் ஞாயிறு தொடங்கி அழுதுகொண்டிருக்கிறாள். யாரென்று தெரியாமலே அழத் தொடங்கினவள், இப்போது தெரிந்து அழுகிறாள்.

திங்கட்கிழமை உம் கடிதம் கிடைத்ததும் வெள்ளவத்தைக்கு வந்தேன். உம் வாசற் படலையடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

உமது,
ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை,
17 ஏப்ரல் 1942.

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நன்றாக எழுதப்பட்டிருந்தது. தலையங்கமாகப் போடலாம்.

ஆறு பேர் இறந்தார்கள் என்பதை மக்கள் அறிய வேண்டுமென்கிறீர்கள். 'ஆறு பேர் இறந்தார்கள்' என்று அச்சிட்டிருக்கலாம். தங்களிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. எழுத்தை எவரும் இரண்டாம் தடவை திருப்பிப் பார்க்கமாட்டார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். அதைத்தான் நான் விற்பனை என்றேன்.

சாவு வீட்டுப் படம் எடுப்பது தங்கள் பகுதியின் வழக்கம் என்கிறீர்கள். அந்தப் படத்தில் வீட்டார் நிற்பார்கள். அது அவர்கள் கேட்டு எடுத்தது, அவர்கள் சுவரில் தொங்குவது. தங்கள் முதற்பக்கப் படத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ஆறு வீட்டாரில் ஐந்து வீட்டாருக்கு அடக்கமே தெரியாது. காட்ட வேண்டும் என்பது தங்கள் கொள்கையாக இருக்கட்டும். கேட்க வேண்டும் என்பது அதற்கு முந்திய கடமை. தங்கள் பாதிரியாருக்கு ஒரு தாய்க்கு ஆள் அனுப்ப நேரமிருந்தது. மற்றத் தாய்மாருக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று எண்ணம்கூட எவருக்கும் வரவில்லை. படத்தை அச்சுக்கு அனுப்ப மட்டும் எல்லோருக்கும் நேரமிருந்தது.

ஆட்சேர்ப்பு அணிவகுப்பை அச்சிட்ட பாவத்துக்குப் பெட்டிகளை அச்சிட்டுப் பரிகாரம் தேடுகிறீர்கள் போலும். தங்கள் பரிகாரத்துக்கு என் மகனின் உடல் வேண்டாம்.

தங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை ஒரு வாதமாக நான் பயன்படுத்தக்கூடாது. எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன்.

தகடு பத்தொன்பதாம் திகதிக்குள் வராவிட்டால் இருபதாம் திகதி நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோருவேன். மனுவை எழுதி முடித்துவிட்டேன்.

இங்ஙனம்,
எம். எஸ். ஸவாஹிர்


கொட்டாஞ்சேனை,
19 ஏப்ரல் 1942.

திரு. ஸவாஹிர் அவர்களுக்கு,

நீர் அடிக்காமல் விட்ட வரியை மேபலும் வாசித்தாள். கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அதைப்பற்றி இனி எழுதமாட்டேன்.

பதினெட்டாம் திகதி தணிக்கைக்காரர் வந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அச்சகத்துக்குச் சீல் வைப்பதாகச் சொன்னார். தகட்டையும் கேட்டார். உடைந்துவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். அதிகாரத்துக்குப் பயந்து கொடுக்கவில்லை, சரி. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் கேட்கும்போது எந்த முகத்தோடு வைத்திருப்பது?

ஹியூபேட்டைக் கூப்பிட்டுக் கழுவச் சொன்னேன். "சேர், நல்ல தகடு. நிழல், வெளிச்சம் எல்லாம் அப்படியே விழுந்திருக்கு. இனி ஆரும் இப்பிடிப் பிடிக்க ஏலாது" என்றான். வேறேதோ சொல்லவும் வாயெடுத்தான். நான் கத்திவிட்டேன். கொதிநீரில் சோடா போட்டு ஊறவைத்து, கத்தியால் சுரண்டினான். கறுப்புத் தோலாகக் கழன்று வந்தது.

வெறுங்கண்ணாடியை இத்துடன் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். நீர் கேட்ட சான்று இதுதான்.

ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை,
9 ஜூன் 1942.

ஒஸ்வால்ட் அவர்களுக்கு,

கண்ணாடி கிடைத்ததை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அடக்கபூமி எது என்பதை, தங்களிடம் கேட்க மனமின்றி, பதினொரு தடவை கந்தோருக்கு நடந்து மே மாத இறுதியில் அறிந்தேன். ஆறு மண்மேடுகள் இருக்கின்றன. எதிலும் அடையாளமில்லை. பொறுப்பான அதிகாரி முப்பது வயதுக்குட்பட்ட ஆங்கிலேயர், மரியாதையுள்ளவர், பயனற்றவர். அன்றைய குழப்பத்தில் எந்தக் குழியில் எவர் என்று பதிவெழுதவில்லையாம். ஜூலை முதல் வாரத்தில் ஆறு மேடுகளிலும் ஒரேமாதிரியான மரச்சிலுவைகள் நடப்படுமாம். பின்னர் அவை கல்லில் மாற்றப்படுமாம். "ஆறு பேரில் ஒருவன் முஸ்லிம்" என்றேன். "எந்த மேடு என்று சொல்லுங்கள், அதை விட்டுவிடுகிறோம்" என்றார். எவன் எவனென்று தெரியாதபோது எல்லோரும் கிறிஸ்தவர் என்பது அவர்களுடைய முடிவு.

இதில் விசித்திரம் என்னவென்றால், குழிவெட்டியவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பெட்டி ஒவ்வொன்றையும் அதனதன் குழியின் முன்னால் வைத்த பின்புதான் படம் எடுத்ததாகவும், பெட்டிகளின் கால்மாட்டில் சோக்கட்டியால் பெயர்கள் எழுதியிருந்ததாகவும், தமக்கு வாசிக்கத் தெரியாதென்றும் அவர் சொன்னார். பத்திரிகையில் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிகின்றன. தகட்டில் எழுத்துக்கள் இருந்திருக்கும்.

தங்களைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. அழிக்கச் சொன்னவனின் கையெழுத்திட்ட இரண்டு கடிதங்கள் தங்கள் மேசையில் இருக்கின்றன. என் மகன் கிடக்கும் இடத்தைச் சொல்லக்கூடிய ஒரே பொருளைச் சட்டப்படி, நாட்குறித்து, நானே அழிப்பித்தேன். அதற்குரிய தண்டனை எந்த நூலிலும் இல்லை. இருந்தால் தேடியிருப்பேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்று மாலை இதையெல்லாம் ஷபீகாவிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்த் தையற்பெட்டியைக் கொண்டுவந்தாள். அதற்குள் தங்கள் படம் வெட்டியெடுக்கப்பட்டு இருந்தது. இந்த வீட்டுக்குள் நுழையக்கூடாதென்று நான் சொன்ன பத்திரிகை. கொம்பனித்தெருவிலிருந்து அவள் தங்கை ஜெஸீமா ஏப்ரலிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தாங்கள் அனுப்பிய கண்ணாடி அலுமாரியில் சும்மா கிடந்ததாம். கசங்காமலிருக்க அதன் கீழே படத்தை வைத்திருக்கிறாள்.

"இதுல ஒரு பெட்டியில குரிசு இல்ல" என்றாள்.

"ஆறிலும் இருக்கிறது" என்றேன்.

"எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணவில்லை. அந்தப் படத்தை அன்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று யோசித்தேன். ஒரு நிமிடம் இருக்காது.

"நீங்க கோவப்படுறதுக்குப் பாத்தீங்க. நான் என்ட மவனத் தேடிப் பாத்தன். ரெண்டு மாசமா ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இந்தா, மதில்ல இருந்து மூணாவது. மூடி மொட்டையா ஈக்கிது."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"இந்தப் படத்தப் பத்தி உங்களோட கதைக்க ஏலுமா ஈந்திச்சி?"

உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சிலுவை இருந்த இடத்தில் இரண்டு துளைகள் போன்ற புள்ளிகள் தெரிகின்றன. அடிக்கப்பட்ட சிலுவையை யாரோ கழற்றியிருக்கிறார்கள். தானாகக் கழன்று விழுந்ததாகவும் இருக்கலாம். யார் கழற்றினார்கள், அந்தப் பெட்டி யாருடையது என்பதை ஹியூபேட்டிடம் கேட்டறிந்து எழுதவும். சிலுவை நடுவதற்கு மூன்று வாரமே இருக்கிறது.

இதை ஒரு வேண்டுகோளாகக் கேட்கிறேன்.

ஸவாஹிர்


கொட்டாஞ்சேனை,
21 ஜூன் 1942.

அன்புள்ள ஸவாஹிர்,

பொறுமையாக வாசியும்.

ஹியூபேட்டைக் கேட்டேன். முதலில் தலையைச் சொறிந்தான். "கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா எல்லாம் தலைகீழாத்தான் தெரியும் சேர். நான் பெட்டியைப் பாத்தனான், மூடியைப் பாக்கேல்ல" என்றான். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான். ஐறீன்தான் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னாராம். எடுத்து, 'வெள்ளவத்தையில இருக்கிற அந்தப் பிள்ளைட தாய்க்குக் காட்டு' என்றாராம். எந்தப் பிள்ளை, எதற்காகக் காட்டுவது என்று இவன் கேட்கவில்லை. குண்டுக்குப் பயந்து ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நேரம், ஐறீனும் அன்றே ரயிலேறிவிட்டார்.

"வெள்ளவத்தை எண்டு மட்டும்தான் சொன்னா. பேரில்லை, றோட்டில்லை. நான் எந்த வீட்டில போய்த் தட்டுறது? பேப்பரில போட்டா அந்த அம்மா எப்பிடியும் பாப்பா எண்டு நினைச்சன். அதுதான் உங்களிட்டக் கொண்டு வந்தனான். கழுவச் சொன்ன அண்டைக்குச் சொல்லத்தான் வந்தன், நீங்கள் கத்தினியள்."

இவனை அடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. நானோ 'லங்கா மாதா' என்று தலைப்புப் போட்டு உலகத்துக்குச் சேதி சொல்லக் கிளம்பினேன். அது ஒரு வீட்டுக்கு, ஒரு தாய்க்கு அனுப்பிய சேதி. அவன் கணக்குப் பிழைக்கவில்லை. அந்த அம்மா பார்த்தார். பார்க்காதவர்கள் நாமிருவரும்தான்.

போன சனிக்கிழமை சிலாபத்துக்குப் போனேன். ஐறீன் அங்கே தமக்கையுடன் இருக்கிறார். என்னைக் கண்டதும் கேட்ட முதற்கேள்வி, "அந்தத் தாய் படத்தைப் பாத்தவாவா?"

பார்த்தார் என்றேன். மூன்றாவது பெட்டியைப்பற்றிக் கேட்டேன்.

"ஓம், அது ஷிப்லிட பெட்டி. காலடியில பேர் எழுதியிருந்தது, நான் வாசிச்சனான். ஞாயிறில லீவு கிடைச்சா ரெண்டு பேரும் என்ட வீட்டிலதான் சாப்பாடு. அவனுக்கெண்டு ஒரு பீங்கான் வேறயா வச்சிருந்தனான். பண்டி இறைச்சி சமைச்ச சட்டியில அவனுக்கு ஒரு நாளும் கறி வச்சதில்லை. உயிரோட இருக்கேக்க அவ்வளவு பாத்தனான், செத்த பிறகு குருசுக்குக் கீழ விடுவனா? வீட்டுப் பூட்டுத் திறப்பு கையில இருந்தது. அதால நெம்பினன். ரெண்டு ஆணிதானே."

"பாதிரியார் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சுவாமி பாத்தவர். பிறகு மற்றப் பக்கம் திரும்பி நிண்டு புத்தகத்தை வாசிச்சார்."

"கழற்றிய சிலுவை?"

"அதை நிலத்தில போடுறதா? றேமண்ட் நாலாவதில கிடந்தவன். அவன்ட பெட்டியில ரெண்டாவதாக் குத்திவிட்டன். பெடியனுக்குக் கூட ஒண்டு இருந்தாக் குறையா?"

திரும்பி வந்து பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். நாலாவது மூடியில் இரண்டு சிலுவைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு மாதமாக அதை மைக்கறை என்று நினைத்திருந்தேன். நீரும் பாரும்.

படத்தைப் பத்திரிகையில் போட்டதற்குக் கோபமா என்று ஐறீனிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை ஏப்ரலிலேயே ஆறு வீட்டிலும் கேட்டிருக்க வேண்டும். நீர் எழுதியதில் அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதிலில்லை. அவர் சொன்னார்: "என்ட மகன்ட பெட்டியை எத்தினை தரமும் போடுங்கோ. செத்தவங்கள் எண்டாவது தெரியட்டும். ஆனா பேரைப் போடுங்கோ. பேரில்லாமப் போட்டது எனக்குப் பிடிக்கேல்ல."

அவர் சொன்னதை எழுதிக் கையொப்பம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் கொண்டுபோம்.

ஒஸ்வால்ட்


வெள்ளவத்தை,
4 ஜூலை 1942.
(என் கந்தோர்ப் பியூன் ஹாஷிம் கைவசம்)

ஒஸ்வால்ட்,

ஐறீன் அம்மையாரின் வாக்குமூலத்தையும் பத்திரிகைப் படத்தையும் ஜூன் இருபத்தைந்தில் அதிகாரியிடம் கொடுத்தேன். வாக்குமூலம் சத்தியக்கடதாசியாக இல்லை என்றார். அதைச் சிலாபத்து நீதவான் முன்னிலையில் முடிப்பித்து முப்பதாம் திகதி மீண்டும் போனேன். பத்திரிகைப் படத்தில் எது சிலுவை, எது கறை என்று சொல்ல முடியாதென்றார். தவிர, அது தடைசெய்யப்பட்ட படம், அதை வைத்திருப்பதே குற்றம், இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்றார். மூலத் தகடு இருந்தால் மட்டும் பரிசீலிக்கலாமாம்.

கண்ணாடியை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதனூடாக என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். "இதில் ஒன்றுமில்லையே" என்றார். "இல்லை" என்றேன்.

படத்தை விட்டுவிட்டு வரவில்லை. ஏப்ரலில் எரிக்கச் சொல்லக்கூடிய மனிதனாயிருந்தவன், ஒரு வெள்ளைக்கார லெப்டினன்டின் முன்னால் அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். தாள் கிழிந்துவிடும் என்று அவர்தான் முதலில் கையை எடுத்தார்.

நேற்று ஆறு மேடுகளிலும் சிலுவைகள் நடப்பட்டன. இன்று காலை தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட இரண்டு மீசான் கற்களை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஷபீகாவும் ஏறினாள். எங்கள் பெண்கள் எங்கள் அடக்கபூமியான மையவாடிக்குப் போவதில்லை என்று சொன்னேன். "அது மையவாடியில்லையே" என்றாள்.

இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சட்டத்தால் சீவிக்கிறேன். ஒரு சைக்கிள் விளக்கு அபராதம்கூடக் கட்டியதில்லை. மதிலிலிருந்து மூன்றாவது மேட்டின் சிலுவையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். மழையில் மண் இளகியிருந்தது, உடனே வந்துவிட்டது. பிறர் புனிதமாகக் கொள்வதை நிலத்தில் போடக்கூடாது என்று எனக்கும் ஒருவர் சொல்லித்தந்திருக்கிறார். அதைத் துவாயால் துடைத்து ஷபீகாவின் கையில் கொடுத்தேன். நான் கற்களை நட்டு, ஜனாஸாத் தொழுகையைத் தொழுது முடிக்கும்வரை அவள் அதை ஏந்திக்கொண்டு நின்றாள். பிறகு நேரே படைக் கந்தோருக்குப் போய் அதிகாரியின் மேசையில் வைத்தோம்.

அது அரசாங்கச் சொத்து என்றார். வழக்குத் தொடரப்படும் என்றார். திங்கட்கிழமை காலை கற்களைப் பிடுங்கிவிட்டுச் சிலுவையை மீண்டும் நடுவார்கள் என்றார். ஷபீகாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவர் எங்கட மவன்ட வயசுதான் ஈப்பார் போல" என்றாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆகையால் நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. ஹியூபேட்டை அனுப்பும். இரண்டு கற்களையும் அவற்றினருகே நிற்கும் எங்களிருவரையும் படமெடுக்கட்டும். அதை முதற்பக்கத்தில் போடும். திங்கட்கிழமை அவர்கள் பிடுங்கினால், பிடுங்கியது என்ன என்பதைக் கொழும்பில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வடை சுற்றினாலும் சுற்றட்டும். சுற்றுகிறவரும் முதலில் ஒரு தடவை பார்ப்பாரல்லவா?

மூன்றாவது மேடும் நாலாவது மேடும் மட்டும் படத்தில் விழவேண்டும். நாலாவதின் தாய் அனுமதி தந்திருக்கிறார். மற்ற நாலு வீட்டாரை எவரும் கேட்கவில்லை. கேட்காமல் போடக்கூடாது என்று ஏப்ரலில் எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. படத்தின் கீழ் இதை மட்டும் போடும்: 'முகம்மது ஷிப்லி, வயது இருபத்திரண்டு. ஸவாஹிர், ஷபீகா ஆகியோரின் மகன். மதிலிலிருந்து மூன்றாவது. அருகே அவனுடைய சிநேகிதன் றேமண்ட், ஐறீனின் மகன்.' மாதா, புதல்வர் எதுவும் வேண்டாம்.

அச்சகத்துக்குச் சீல் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உம்மிடம் நான் கேட்பது எவ்வளவு என்பதும் தெரியும். மறுப்பதற்கு உமக்கு எல்லா உரிமையும் உண்டு. நீர் மறுத்தால் நான் உம்மீது கோபப்படுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் பதினேழாம் திகதிக் கடிதத்தில் ஒரு வரியை அடிக்காமல் விட்டேன். அதை இப்போது அடிக்கிறேன். மேபலிடம் சொல்லும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லும்.

ஸவாஹிர்


கொட்டாஞ்சேனை,
4 ஜூலை 1942, மாலை.

ஸவாஹிர்,

ஹாஷிம் வாசலில் நிற்கிறார், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

முதற்பக்கத்தில் இருந்த சவர்க்கார விளம்பரத்தைக் கழற்றிவிட்டேன். அடுத்த வார இதழுக்கென்று சனிக்கிழமைவரை காத்திருக்கமாட்டேன், ஞாயிறு இரவுக்குள் தனித்தாளாக அடித்துத் திங்கள் விடியத் தெருவில் விடுகிறேன். அதன்பிறகு சீல் வைத்தால் வைக்கட்டும், வைப்பதற்கு அவர்களும் கொட்டாஞ்சேனை வரை வரத்தானே வேண்டும்.

மேபலிடம் சொன்னேன். நாளைக்கு அவளும் வருகிறாள். ஷபீகாவுக்குப் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்கச் சொன்னாள், படத்தில் விழாமல்.

ஹியூபேட் முதற்பூசை முடித்து எட்டு மணிக்கு அங்கே இருப்பான். யுத்தத்தில் தகடு வருவதில்லை, அவனிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. கையை உயர்த்தியதும் நீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லும்.

ஒஸ்வால்ட்